ஐ.சி.யு.வின் தரமும் துடைப்பத்தின் சாதியும்

நான் கொடுத்த புகாருக்கு நாற்பத்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு பத்தி. நான் குறிப்பிட்டிருந்த தூய்மைக் குறைபாடு குறித்து விசாரணை நடத்தப்பட்டதாகவும், சம்பந்தப்பட்ட ஒப்பந்தப் பணியாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவும் அதில் இருந்தது. கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

என் புகார் இரண்டு பக்கம். அதில் பதினோரு குறைகள். இரவு டியூட்டியில் ஏழு வென்டிலேட்டருக்கு ஒரே ஒரு செவிலியர் இருந்தது, சளி உறிஞ்சும் குழாயை வெளியே மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னது, கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லாதது, தலைமாட்டை உயர்த்த முடியாத உடைந்த கட்டில், மூன்று நாளாக எந்த மருத்துவரும் வெளியே வந்து நிலைமையைச் சொல்லாதது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். எட்டாவதாக, தரை சரியாகத் துடைக்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தேன். பதினொன்றில் அந்த எட்டாவதன் மீது மட்டும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மற்ற பத்தைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

சாதியையும் உழைப்பையும் பற்றி ஐந்து ஆண்டுகளாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நான், என் கையெழுத்தில் ஓர் அருந்ததியர் பெண்ணின் வேலையைப் பறித்திருக்கிறேன். அவர் வாழும் காலனி எங்கள் காலனியிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். இதை ஒரு பாவமன்னிப்பாக எழுதவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 'தரம்', 'செலவு' என்ற இரண்டு சொற்களும் எப்படிக் கைமாறி, கடைசியில் யார் தலையில் வந்து விழுகின்றன என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்தப் பதில் கடிதம்தான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சித்தப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. கூட வேலை செய்தவர்கள் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சித்தியின் கையில் இருந்தது. "காப்பீட்டுல இப்ப ஐ.சி.யு. பெட் இல்லைங்க, பணம் கட்டினா போட்டுடலாம்" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். பெட் இருந்தது, அட்டைக்குத்தான் இல்லை. மூன்று நாளில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். சித்தியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது, மீதிக்கு மகளிர் குழுவில் கடன். நான்காம் நாள் காலை எங்களைக் கூப்பிட்டு, அவர் பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் பேசவில்லை. "இதுக்கு மேல கட்ட முடியுமா?" என்றுதான் கேட்டார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு, ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அங்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. ஆறாம் நாள் கண் திறந்து சித்தியின் விரலைப் பிடித்தார். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் தொற்று என்றார்கள். பதினான்காம் நாள் இறந்துபோனார். தலைக்காயத்தைத் தாங்கிய உடம்பு அந்தத் தொற்றைத் தாங்கவில்லை.

காய்ச்சல் வந்த இரவில் சித்தி அந்தத் தூய்மைப் பணியாளரிடம்தான் கத்தினார். "நீ ஒழுங்கா தொடச்சிருந்தா எம் புருசனுக்கு இது வந்திருக்குமா?" அந்த அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. "ரெண்டு ஐ.சி.யு.வுக்கும் வெளி வார்டுக்கும் சேத்து ஒரே மாப்புதாம்மா குடுத்திருக்காங்க. நான் ஒருத்திதான் நைட்டு. என்ன பண்ணட்டும் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்று நான் அதைக் கேட்டேன். கேட்ட பிறகும் எட்டாவது குறையை எழுதினேன்.

கைகளால் தொடங்கிய சிகிச்சை

ஐ.சி.யு. என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எந்திரம். மானிட்டரின் பச்சைக்கோடு, வென்டிலேட்டரின் ஓசை. மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளிலும் எந்திரங்கள்தான் இருக்கும். ஆனால் இந்தச் சிகிச்சை முறை எந்திரத்தால் தொடங்கியதல்ல.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசை செயலிழந்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். அன்றைய மூச்சுக்கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி, காற்றை உள்ளே அனுப்பலாம் என்றார். அதற்குக் கைகள் வேண்டுமே? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். அதுவரை அந்த நிலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகு பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1953-இல், இப்சன் அதே நகரத்தின் இன்னொரு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு தொடங்கினார். உலகின் முதல் ஐ.சி.யு. என்று பலரும் சொல்வது அதைத்தான்.

ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் எந்நேரமும் ஒருவர் இருப்பது என்பதே ஐ.சி.யு.வின் பொருள். எந்திரம் பின்னால் வந்தது. எந்திரம் வந்த பிறகும் சளியை உறிஞ்சுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, தலைமாட்டை முப்பது பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பது, மலம் அள்ளுவது, கட்டிலின் கம்பியைத் துடைப்பது எல்லாமே கைவேலைதான். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரல் தொற்று வராமல் தடுப்பதும் இந்தக் கைவேலைதான். வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று விதி சொல்வது அதனால்தான். ஏழு பேருக்கு ஒருவர் என்றால் அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஆறு பேருக்கு அந்த நிமிடத்தில் கை இல்லை.

நிறுத்து என்று சொல்லும் உரிமை

செலவில்லாமல் தரத்தை உயர்த்த முடியும் என்பதற்கு உலகமெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒரு முயற்சி உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஐந்து வரிப் பட்டியல் ஒன்றை எழுதினார். பெரிய ரத்தநாளத்தில் குழாய் போடும்போது செய்ய வேண்டியவை: கை கழுவு, தோலைக் குளோரெக்சிடின் கொண்டு துடை, நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடி, நீயும் தொப்பி, முகக்கவசம், கையுறை, அங்கி அணி, இயன்றவரை தொடை இடுக்கில் குழாய் போடாதே, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு. எல்லா மருத்துவருக்கும் தெரிந்த செய்திதான். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதை நடைமுறைப்படுத்தி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்திலேயே ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்பதிலிருந்து சுழியத்துக்கு வந்திருந்தது. ஒன்றரை ஆண்டு வரை அது நிலைத்தது.

இந்தக் கதையை நம் ஊர் மேலாண்மை வகுப்புகளிலும் சொல்கிறார்கள். ஆனால் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அந்த ஐந்து வரியும் பலன் தந்ததற்கு முக்கியமான காரணம், மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டதும், அப்படிச் சொன்னவரின் பக்கம் நிர்வாகம் நின்றதும்தான். தாள் ஒரு பைசாவுக்கும் பெறாது. அந்த அதிகாரத்தைக் கொடுப்பதுதான் கடினம்.

நம் மருத்துவமனைகளில் இதை நினைத்துப் பாருங்கள். பேராசிரியர் கை கழுவாமல் உள்ளே வந்தால் தொகுப்பூதியச் செவிலியர் நிறுத்தச் சொல்வாரா? செவிலியர் ஒரு கட்டிலில் தொட்ட கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால், தரை துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர் "சிஸ்டர், கையுறை" என்று சொல்வாரா? சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்குமா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கில் சொல் மேலிருந்து கீழேதான் போகும். கீழிருந்து மேலே போக வழியில்லை. கிருமிக்கு அடுக்கு தெரியாது. பேராசிரியரின் கையிலிருந்தும் மாப்பிலிருந்தும் அது ஒரே மாதிரிதான் பரவுகிறது. அடுக்கின் உச்சியில் இருக்கும் கையைக் கேள்வி கேட்க முடியாத இடத்தில் தொற்றுக் கட்டுப்பாடு என்பது வெறும் சுவரொட்டி.

தூய்மை என்ற சொல்லே நம் சமூகத்தில் சாதியில் தோய்ந்தது என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அழுக்கை நீக்குகிறவரையே அழுக்காகப் பார்க்கும் கண் நமக்கு ஊட்டி வளர்க்கப்பட்டது. அதனால்தான் தொற்று வந்தால் நம் கண் முதலில் துடைப்பத்தைப் பிடித்த கையை நோக்கிப் போகிறது. நானும் அந்தக் கண்ணோடுதான் புகார் எழுதினேன்.

செலவு எங்கே குறைக்கப்படுகிறது?

ஐ.சி.யு. ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது? நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்கள், கருவிகள், ஆக்சிஜன் குழாய், மின்சாரம் எல்லாம் இருபத்து நான்கு மணிநேரமும் தயாராக இருக்க வேண்டும். செலவின் பெரும்பகுதி இப்படி நிலையாக நிற்பது. நிர்வாகத்துக்குச் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வரும்போது வென்டிலேட்டரின் விலையைக் குறைக்க முடியாது, ஆக்சிஜனைக் குறைக்க முடியாது. ஆட்களைக் குறைக்கலாம். குறைப்பவர்களிலும் மேலே கை வைக்க முடியாது. எனவே கீழே வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் வைக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற உறுதிமொழியைக் கேட்டு அவர்கள் 2017-இல் சென்னையில் திரண்டது நினைவிருக்கும். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பூத்தூவிக் கைதட்டியவர்கள் அன்று எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. செவிலியர்களுக்காவது சங்கமும் சீருடையும் உண்டு. தூய்மைப் பணி முழுவதும் ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கிறது. குறைந்த தொகை கேட்டவருக்கு ஒப்பந்தம். அந்தக் குறைவு எங்கிருந்து வரும்? ஆள் எண்ணிக்கையிலிருந்தும், கூலியிலிருந்தும், மாப்பிலிருந்தும்தான்.

இது சிக்கனமா? ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் படுக்கை கொண்ட ஐ.சி.யு.வில் ஒரு மாதத்துக்கு 300 படுக்கை நாட்கள். ஒரு நோயாளி சராசரியாக எட்டு நாள் இருந்தால் 37 பேருக்கு இடம் கிடைக்கும். தொற்றைத் தடுத்து அதை ஆறு நாளாக்கினால் 50 பேருக்குக் கிடைக்கும். புதிதாக ஒரு கட்டில்கூட வாங்காமல் பதின்மூன்று பேருக்கு இடம். தொற்று வந்தால் படுக்கை நாள் மட்டும் கூடுவதில்லை. மெரோபெனம், கோலிஸ்டின் என்று விலை கூடிய மருந்துகள் நாள்கணக்கில் ஏறும். அந்த மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் வளரும். ஒரு மாப்பில் மிச்சம் பிடித்த பணம் ஒரே நோயாளியின் ஒரே நாள் மருந்தில் போய்விடும். ஆனால் மாப்புக்கான செலவு ஒரு கணக்கில், மருந்துக்கான செலவு இன்னொரு கணக்கில், தாலிக்கொடி எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்குகள் பிரிந்திருப்பதால் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

தனியார் மருத்துவமனைகளில் பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. அங்கே செலவைக் கூட்டுவதே வருமானம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-இல் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருட்களில் லாபம் 1,700 சதவீதத்தையும் தாண்டியிருந்ததாக அது சொன்னது. ஊசிக்குழல், கையுறை போன்ற சாதாரணப் பொருட்களில்தான் இந்தக் கொள்ளை. ஐ.சி.யு.வில் வாசல்வரை போய் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கும் குடும்பம் விலை பேசாது. சந்தை என்று சொல்வார்கள். வாங்குகிறவர் மயக்கத்தில் கிடக்கும் சந்தை இது.

கட்டுப்படுத்த முடியாது என்பதும் உண்மையில்லை. 2020 ஜூனில், கொரோனா நோயாளிகளுக்குத் தனியார் ஐ.சி.யு.வில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய்தான் வாங்க வேண்டும் என்று தமிழக அரசு நிர்ணயித்தது. மீறியவர்கள் இருந்தார்கள் என்பது வேறு. அரசால் ஒரு எண்ணைச் சொல்ல முடியும் என்பது அன்று தெரிந்தது. தொற்று அடங்கியதும் அந்த எண்ணும் காணாமல் போனது.

யாருடைய உடம்பு?

ஒன்பது மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, சாதி இந்துக்களில் மேல்நிலையில் உள்ளவர்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் மூன்று ஆண்டுக்கு மேலும், பழங்குடிகளின் ஆயுட்காலம் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. வறுமையைக் கணக்கிலெடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் விளக்கப்படாமல் மிஞ்சியது. சாதியைப் பணப்பிரச்சினையாகச் சுருக்கும் நண்பர்கள் அந்த மிச்சத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஐ.சி.யு.வுக்கு வரும் வழியிலேயே அந்த மிச்சம் தெரியும். சாரத்திலிருந்து விழுபவர்கள் யார்? வரப்பில் பாம்பு கடித்து வருபவர்கள் யார்? பாம்புக்கடிக்கு ஒரே மருந்து நஞ்சுமுறி ஊசி. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வெறுங்கையால் பிடிக்கும் அறிவு இல்லையென்றால், குளிரூட்டிய அறையில் ஏறும் அந்த ஊசி இல்லை. அந்த அறிவுக்கு உரிய இருளர்களில் எத்தனை பேர் இன்னும் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

கருவியும் நடுநிலையானதல்ல. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களிடம் தவறவிடுவதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. தோலின் நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் கருவியை எந்த உடம்பில் சோதித்தார்கள், அதன் எண்ணை நம்பி எந்த உடம்புக்குப் படுக்கை மறுக்கப்படுகிறது என்ற கேள்வி நமக்கும் உரியதுதான்.

இரண்டு மறுப்புகள்

இப்படி எழுதினால் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: அரசு மருத்துவமனையைக் குறை சொன்னால் அது தனியார்மயத்துக்குத்தானே உதவும்? எனக்கும் அந்த அச்சம் உண்டு. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் வழியாக மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது, 2021-இல் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரம் இலவச சிகிச்சை என்று அறிவித்தது என, இந்த மாநிலத்தின் பொதுச் சுகாதாரம் வட மாநிலங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி. என் சித்தப்பாவின் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தது அரசு மருத்துவர்தான், அதுவும் ஒரு ரூபாய் வாங்காமல். அதனால்தான் கேட்கிறேன். நமக்கு வேறு மருத்துவமனை இல்லை. அங்கே தரம் கேட்பது எதிரியின் வேலை என்றால், ஏழைகள் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும் என்றாகிவிடும்.

இன்னொரு மறுப்பு அதிகாரிகள் பக்கத்திலிருந்து வரும். எல்லோருக்கும் ஐ.சி.யு. கொடுக்க முடியாது, பயனற்ற சிகிச்சையைக் குறைத்தாலே செலவு குறையும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பிழைக்க வழியில்லாதவரைக் குழாய்களில் கட்டிப்போடுவது சிகிச்சையாகாது. கண்ணியமாக இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்று, அதற்கான நடைமுறையை 2023 ஜனவரியில் எளிமையாக்கியும் இருக்கிறது. ஆனால் நம் மக்கள் இன்று ஐ.சி.யு.வை விட்டு எப்படி வெளியேறுகிறார்கள்? "எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். பணம் தீர்ந்ததால் போகிறவர்களையும், பயனில்லை என்று தெளிந்து போகிறவர்களையும் அந்த ஒரே வாக்கியம் ஒன்றாக்கிவிடுகிறது. வலி தணிப்புச் சிகிச்சையும் உண்மை நிலையைச் சொல்லும் மருத்துவரும் இல்லாமல் 'பயனற்ற சிகிச்சை' என்று பேசத் தொடங்கினால், யாருடைய சிகிச்சை முதலில் பயனற்றதாகும் என்று நாம் ஊகிக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

அரசு ஐ.சி.யு.க்களில் செவிலியர் விகிதத்தை ஒவ்வொரு டியூட்டிக்கும் வாசலில் எழுதிப்போட வேண்டும். எத்தனை நோயாளி, எத்தனை வென்டிலேட்டர், எத்தனை செவிலியர். அந்த மாதத்துத் தொற்று எண்ணிக்கையையும் அதே பலகையில் எழுத வேண்டும். பரிசுக்காக ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் பளபளக்கும் தரம் நமக்கு வேண்டாம்.

ஐ.சி.யு.வின் தூய்மைப் பணியாளரை ஒப்பந்தத்திலிருந்து எடுத்து, அரசின் நேரடிப் பணியாளராக, அந்தப் பிரிவுக்கு மட்டும் உரியவராக வைக்க வேண்டும். செவிலியரோடும் மருத்துவரோடும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் அவருக்கு நாற்காலி வேண்டும். நிற்க இடம் போதாது, நாற்காலி. அங்கே அவர் சொல்வது பதிவாக வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவைப் பிரிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கும் 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளே, அவருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. முதல் பாதியை மட்டும் நடைமுறைப்படுத்துகிறார்கள்.

தனியார் பக்கம், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை இன்று அந்த அட்டைக்கு எத்தனை ஐ.சி.யு. படுக்கை வைத்திருக்கிறது என்று வெளிப்படையாகக் காட்ட வேண்டும். நாள் வாடகைக்கும் கையுறைக்கும் உச்ச விலை வேண்டும்.

இவையெல்லாம் பெரிய கோரிக்கைகள். ஆனால் ஒரு சிறிய வேலையை இதைப் படிக்கும் நீங்கள் இந்த வாரமே செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். ஐ.சி.யு.வுக்கு ஒப்பளிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த ஓராண்டில் வென்டிலேட்டர் தொடர்பான நுரையீரல் தொற்று மாதவாரியாக எத்தனை? அங்கே பணிபுரியும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்களின் மாதக் கூலி எவ்வளவு, தடுப்பூசி போடப்பட்டவர்கள் எத்தனை பேர்? முப்பது நாளில் பதில் வர வேண்டும். "பதிவேடு இல்லை" என்று வந்தாலும் அதுவும் ஒரு பதில்தான். அதைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் மனுவில் எந்தத் தொழிலாளியையும் அடையாளம் காட்டும் ஒரு வரியும் இருக்கக் கூடாது. நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்த அக்காவைப் பிறகு தேடிப் போய்ப் பார்த்தேன். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். நான் யாரென்று சொன்னதும் முதலில், "சித்தி எப்படி இருக்காங்க தம்பி?" என்று கேட்டார். நான் புகாரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ எழுதினது தப்பில்ல. மாப்பு பத்தியும் சேத்து எழுதியிருக்கலாம்" என்றார்.

அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கக் கேட்டும், ஏற்கெனவே விட்டுப்போன பத்துக் குறைகளைக் குறிப்பிட்டும், மாப்பைச் சேர்த்தும், அந்த மருத்துவமனைக்கு இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன். இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. பதில் இல்லை.